எஸ்டிஎஸ் லைப்ரரியை உங்கள் சி புரோகிராமுக்குள்ளேயே வைத்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி மொழியில் ஸ்ட்ரிங்கோடு மல்லுக்கட்டிச் சலித்தவர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்கொண்டது ‘சிம்பிள் டைனமிக் ஸ்ட்ரிங்ஸ்’, சுருக்கமாக எஸ்டிஎஸ். அதை சிஸ்டத்தில் இன்ஸ்டால் செய்யாமல், சோர்ஸ் ஃபைல்களையே நம் புரோஜெக்டுக்குள் எடுத்துவைத்து நம் கோடோடு சேர்த்துக் கம்பைல் செய்வது பற்றித்தான் பேச்சு. ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஹெடர் ஃபைலைத் திறந்தால் ஒலியை வைத்தே எது எதுவென்று பிடித்துவிடலாம்.

எஸ்டிஎஸ் யார் எழுதியது?

சிசிலிக்காரரான சால்வதோரே சான்ஃபிலிப்போ. ஆன்டிரெஸ் என்றால் பலருக்குத் தெரியும். 2009-ல் ரெடிஸ் டேட்டாபேஸை வெளியிட்டவர். ஆனால் எஸ்டிஎஸ் ரெடிஸுக்காகப் பிறந்ததல்ல. தன் அன்றாட சி வேலைக்கென்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தது. ஃபைலின் தலையில் உள்ள பதிப்புரிமை வரி 2006 என்றுதான் தொடங்குகிறது. பிறகு ரெடிஸுக்குள் போனது, அங்கே அடிபட்டுத் தேறியது, கடைசியில் தனி லைப்ரரியாகவும் வெளியே வந்தது.

சி-யில்தான் ஸ்ட்ரிங் ஃபங்ஷன்கள் இருக்கின்றனவே, இன்னொன்று எதற்கு?

இருக்கின்றன. அவற்றால் வந்த வினையும் இருக்கிறது. 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மோரிஸ் வர்ம் நுழைந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர் சர்வர். அது ‘கெட்ஸ்’ ஃபங்ஷனை வைத்து 512 பைட் இடத்தில் ஒரு வரியைப் படித்தது. வர்ம் அனுப்பியது 536 பைட். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கெட்ஸ் கேட்பதே இல்லை. அதை சி ஸ்டாண்டர்டிலிருந்து தூக்கி எறிய 2011 வரை ஆயிற்று.

பாதுகாப்பை விடுங்கள், வேகத்தைப் பாருங்கள். 40 பைட் கொண்ட 10,000 வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரே ஸ்ட்ரிங்காக்க வேண்டும். ‘ஸ்ட்ர்கேட்’ ஒவ்வொரு முறையும் முதல் பைட்டிலிருந்து கடைசிப் பூஜ்யம் வரை நடந்துபோய்த்தான் ஒட்டும். மொத்த நடையைக் கூட்டினால் ஏறத்தாழ 200 கோடி பைட் வருகிறது. கையில் இருப்பதோ வெறும் 4 லட்சம் பைட் டேட்டா. எஸ்டிஎஸ் நீளத்தை எழுதி வைத்துக்கொள்வதால் அந்த நடையே இல்லை. இடம் போதாமல் மெமரியைப் பெரிதாக்குவதும் இந்தக் கணக்கில் சரியாக 13 தடவைதான். நேரமிருந்தால் ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள்: முதலில் 2 வரிக்கு இடம், பிறகு 6, 14, 30, 62 என்று போய் 16,382-ல் நிற்கும்.

சரி, எப்படிச் சேர்ப்பது?

மூன்று ஃபைல்: எஸ்டிஎஸ் என்ற பெயரில் ஒரு சி ஃபைல், அதே பெயரில் ஒரு ஹெடர், ‘எஸ்டிஎஸ்அலாக்’ என்று இன்னொரு சின்ன ஹெடர். மூன்றையும் உங்கள் புரோஜெக்டில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள், சி ஃபைலை மேக்ஃபைலில் சேருங்கள், முடிந்தது. சி99 தெரிந்த எந்தக் கம்பைலரும் எடுத்துக்கொள்ளும். கூடவே இருக்கும் டெஸ்ட்களையும் ஓட்ட நினைத்தால் ‘டெஸ்ட்ஹெல்ப்’ என்ற நான்காவது ஃபைலும் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் சொந்த கோடு இருக்கும் ஃபோல்டரில் போடாதீர்கள். ரெடிஸ் தன் இரவல் சாமான்களையெல்லாம் ‘டெப்ஸ்’ என்ற ஃபோல்டரில் தனியாக வைத்திருக்கிறது. லுவா, ஜெமல்லாக், லைன்நாய்ஸ் எல்லாம் அங்கேதான். அதே பெயரை வைத்துக்கொள்ளலாம். அந்த ஃபோல்டரில் நாலு வரியில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் எழுதி வையுங்கள்: எங்கிருந்து எடுத்தது, எந்த கமிட், என்றைக்கு, யார். இன்றைக்கு இது வெட்டி வேலையாகத் தோன்றும். மூன்று வருடம் கழித்து உங்கள் நாற்காலியில் உட்காரப் போகிறவர் முதலில் தேடுவது இதைத்தான்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பேக்கேஜாக எடுத்துக்கொள்வதுதானே முறை?

பெரும்பாலான லைப்ரரிகளுக்கு ஆமாம். ஓபன்எஸ்எஸ்எல்லை யாராவது காப்பி அடித்து உள்ளே வைத்தால் நானே சண்டைக்கு வருவேன். டெபியன் லினக்ஸின் கொள்கை ஆவணம் இப்படி உள்ளே வைத்த காப்பிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது: அப்படிப் பயன்படுத்துவதற்கென்றே எழுதப்பட்ட கோடாக இருந்தால் சரி என்கிறது. எஸ்டிஎஸ் அந்த வகை. எடுத்து உள்ளே வைத்துக்கொள் என்று அதன் விளக்கக் குறிப்பே சொல்கிறது.

இந்த வழியில் எஸ்டிஎஸ் தனி ஆளும் இல்லை. எஸ்கியூலைட் டேட்டாபேஸ் தன் நூற்றுக்கும் மேற்பட்ட சோர்ஸ் ஃபைல்களை ஒரே பெரிய சி ஃபைலாக இணைத்து வெளியிடுகிறது. கம்பைலருக்கு எல்லாம் ஒரே இடத்தில் தெரிவதால் 5 முதல் 10 சதவீதம் வேகம் கூடுகிறது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

‘வணக்கம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யூடிஎஃப்-8-ல் இது 21 பைட். புள்ளியும் தனிக் குறியாக எண்ணப்படுவதால் ஏழு குறிகள், குறிக்கு மூன்று பைட். இதை ‘எஸ்டிஎஸ்நியூ’ ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் 23 பைட் மெமரி வாங்கும்: முதலில் ஒரு பைட் ஹெடர், அடுத்து 21 பைட் எழுத்து, கடைசியில் ஒரு பூஜ்யம். உங்கள் கைக்கு வரும் பாயிண்டர் ஹெடரைக் காட்டாது, ‘வ’-வின் முதல் பைட்டைக் காட்டும். அதனால்தான் அதை அப்படியே பிரிண்ட்எஃப்புக்கும் ஃபோப்பனுக்கும் கொடுக்க முடிகிறது. அவர்களைப் பொறுத்தவரை அது சாதாரண சி ஸ்ட்ரிங்.

நீளம் வேண்டுமென்றால் பாயிண்டருக்கு ஒரு பைட் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டும். டீபக்கரில் பார்த்தால் அங்கே 168 என்று இருக்கும். அதன் கடைசி மூன்று பிட் ஹெடரின் வகை (இங்கே பூஜ்யம்), மீதி ஐந்து பிட் நீளம். 21-ஐ எட்டால் பெருக்கினால் 168. நீளம் 31-க்குள் இருக்கும் சின்ன ஸ்ட்ரிங்குக்கு இந்த ஒரு பைட்டே போதும்.

இப்போது ஓர் இடைவெளியும் ‘உலகம்’ என்ற சொல்லும் ஒட்டுகிறோம். அது 16 பைட், ஆக மொத்தம் 37. ஒட்டுகிற ஸ்ட்ரிங் இன்னும் ஒட்டப்படும் என்ற கணிப்பில் எஸ்டிஎஸ் இரட்டிப்பாக, அதாவது 74 பைட்டுக்கு, இடம் பிடிக்கும். ஹெடரும் மூன்று பைட் வகைக்கு மாறும்: நீளம் 37, கொள்ளளவு 74, வகை 1. கடைசிப் பூஜ்யத்தையும் சேர்த்து 78 பைட். ஒரு மெகாபைட் வரை இப்படி இரட்டிப்பு. அதற்கு மேல் போனால் தடவைக்கு ஒரு மெகாபைட் மட்டும் கூடுதலாக எடுக்கும். ஹெடர் மொத்தம் ஐந்து வகை, 1 பைட்டில் தொடங்கி 17 பைட் வரை. சின்னதுக்குச் சின்னத் தலைப்பாகை, பெரியதுக்குப் பெரியது.

இந்த அமைப்பு மனதில் பதிந்துவிட்டால் அடுத்த இரண்டு கேள்விகளுக்குப் பதிலே தேவையில்லை.

வேலை முடிந்ததும் ஃப்ரீ செய்தால் புரோகிராம் கிராஷ் ஆகிறதே?

சாதாரண ‘ஃப்ரீ’யைக் கூப்பிட்டிருப்பீர்கள். மெமரி தொடங்குவது ஹெடரில், உங்கள் பாயிண்டர் இருப்பது அதற்கு அப்புறம். ‘இன்வேலிட் பாயிண்டர்’ என்று திட்டிவிட்டு புரோகிராம் செத்துப்போகும். ‘எஸ்டிஎஸ்ஃப்ரீ’தான் பின்னால் நகர்ந்து சரியான இடத்தை விடுவிக்கும். முதல் வாரத்தில் இந்தத் தப்பைச் செய்யாதவரை நான் பார்த்ததில்லை. நானும் ஒரு சாயங்காலம் முழுக்கச் செய்திருக்கிறேன்.

ஒட்டிய பிறகு ஸ்ட்ரிங்கில் குப்பை வருகிறது. எஸ்டிஎஸ்ஸில் பக் இருக்கிறதா?

ஃபங்ஷன் திருப்பித் தந்ததை வாங்கிக்கொண்டீர்களா? ‘எஸ்டிஎஸ்கேட்’ இடம் போதாமல் வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கலாம். திரும்பி வருவதுதான் புது முகவரி. பழைய மாறியிலேயே அதை வாங்கி வைக்க வேண்டும். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு: ஒரே ஸ்ட்ரிங்கை இரண்டு ஸ்ட்ரக்ட்கள் பிடித்துக்கொண்டிருந்து, ஒன்றின் வழியாக ஒட்டினால், மற்றதற்குத் தகவல் போகாது. அது பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். எஸ்டிஎஸ்ஸில் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை கிடையாது. பகிரத்தான் வேண்டும் என்றால் எஸ்டிஎஸ் பாயிண்டரை உங்கள் ஸ்ட்ரக்ட் ஒன்றுக்குள் வைத்து, அந்த ஸ்ட்ரக்டைப் பகிருங்கள்.

சிலர் எஸ்டிஎஸ் ஸ்ட்ரிங்கின் நடுவில் தாங்களே ஒரு பூஜ்யத்தை வைத்துச் சுருக்கிவிட்டு, நீளம் மாறவில்லையே என்று கேட்பார்கள். ஹெடருக்கு யார் சொன்னது? ‘எஸ்டிஎஸ்அப்டேட்லென்’ என்று அதற்கே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது.

எங்கள் அப்ளிகேஷனுக்குத் தனி மெமரி அலகேட்டர் உண்டு. அதைப் பயன்படுத்த வைக்கலாமா?

மூன்றாவது ஃபைல் இருப்பதே அதற்குத்தான். அதில் மூன்று மேக்ரோ: மால்லாக், ரீஅலாக், ஃப்ரீ ஆகிய மூன்றுக்கும் எஸ்டிஎஸ் எதைக் கூப்பிட வேண்டும் என்று. உங்களுடையதை அங்கே எழுதுங்கள். சி ஃபைலைத் தொடவே வேண்டாம்.

லிங்க் செய்யும்போது ‘மல்டிப்பிள் டெஃபனிஷன்’ என்கிறது. என்ன செய்வது?

முதலில் சந்தோஷப்படுங்கள், ஏனென்றால் லிங்கர் சத்தம் போட்டிருக்கிறது. உங்கள் புரோகிராமில் எஸ்டிஎஸ் இரண்டு முறை இருக்கிறது: ஒன்று நீங்கள் வைத்தது, மற்றது நீங்கள் சேர்த்த வேறொரு லைப்ரரி தனக்கென்று வைத்திருப்பது. எல்லோரும் உள்ளே வைத்துக்கொள்ளும் லைப்ரரி என்றாலே ஒருநாள் இது நடக்கும்.

சத்தமே போடாமல் இணைந்துவிடுவதுதான் நிஜ ஆபத்து. ஸ்டாட்டிக் ஆர்க்கைவ் ஃபைலில் இருந்து லிங்கர் தேவையானதை மட்டும்தான் உருவும். ஒரு காப்பி கிடைத்ததும் மற்றதை எட்டிக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். லினக்ஸின் ஷேர்டு லைப்ரரியிலும் ஒரே பெயரில் இரண்டு இருந்தால் முதலில் கண்ணில் பட்டதற்கே எல்லாக் கூப்பாடும் போகும். அப்போது அந்த லைப்ரரி தன் எஸ்டிஎஸ் என்று நினைத்து உங்களுடையதைக் கூப்பிடும். இரண்டும் ஒரே பதிப்பு, ஒரே அலகேட்டர் என்றால் பிழைத்தீர்கள். ஒன்று பழைய முதல் பதிப்பு, மற்றது இரண்டாம் பதிப்பு என்றால் ஹெடர் அமைப்பே வேறு. முதல் பதிப்பில் எல்லா ஸ்ட்ரிங்குக்கும் ஒரே அளவு ஹெடர். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தால் நீளம் என்று ஏதோ ஒரு எண் வரும். எப்போதாவது, எங்கேயாவது கிராஷ் ஆகும். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போய்விடும்.

இந்தத் தலைவலி எஸ்டிஎஸ் வளர்ந்த வீட்டிலேயே உண்டு. ரெடிஸுக்கான சி கிளையன்ட் லைப்ரரி ஹைரெடிஸ். அதற்குள் ஒரு எஸ்டிஎஸ் காப்பி. ரெடிஸ் தன் சோர்ஸுக்குள் ஹைரெடிஸையும் வைத்திருக்கிறது. ரெடிஸுக்குச் சொந்தமாக ஒரு எஸ்டிஎஸ். இரண்டும் மெமரி வாங்கும் விதம் ஒன்றல்ல. அதனால் ஹைரெடிஸ்காரர்கள் தங்கள் காப்பியின் எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் ‘ஹை’ என்று ஒட்டிப் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

நீங்களும் அதையே செய்யலாம். எஸ்டிஎஸ் சி ஃபைலில் கை வைக்காமல், ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரையும் உங்கள் முன்னொட்டோடு கூடிய பெயருக்கு மாற்றும் மேக்ரோக்கள் அடங்கிய ஒரு ஹெடரை எழுதி, அதை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்க்ளூட் ஆகும்படி கம்பைலர் ஆப்ஷனில் கொடுங்கள். நாற்பது ஐம்பது வரி வேலை. நீங்கள் எழுதுவதே ஒரு ஷேர்டு லைப்ரரி என்றால், வெளியே தெரிய வேண்டிய உங்கள் ஃபங்ஷன்களைத் தவிர மற்ற எல்லாப் பெயர்களையும் மறைத்துவிடுங்கள். பிறருக்கு லைப்ரரி தருகிறவர்கள் இந்த இரண்டையும் முதல் நாளே செய்துவிடுவது நல்லது. அப்ளிகேஷன் மட்டும் எழுதுகிறவர்கள் பிரச்சினை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் உரையை எஸ்டிஎஸ்ஸில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், ஒட்டலாம், நகலெடுக்கலாம், ஒப்பிடலாம். வெட்டும்போதுதான் கவனம் வேண்டும். எஸ்டிஎஸ்ஸுக்கு எழுத்து என்றால் என்னவென்று தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும். ‘தமிழ்’ என்று வைத்து நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். நாம் எண்ணினால் மூன்று எழுத்து, யூனிகோடு எண்ணினால் ஐந்து குறி. முதல் பத்து பைட்டை மட்டும் வெட்டி எடுங்கள் என்றால் ‘தமி’க்கு ஒன்பது போக, ‘ழ’வின் மூன்றில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு வந்து திரையில் கட்டமாக நிற்கும்.

இதைவிட மோசமானது ‘எஸ்டிஎஸ்ட்ரிம்’. இரு முனையிலும் வேண்டாத எழுத்துகளைச் சீவி எடுக்கும் ஃபங்ஷன். இடைவெளி, புதுவரி என்று கொடுத்தால் அழகாக வேலை செய்யும். சொல்லின் கடைசி ‘ம்’-ஐ நீக்கலாம் என்று ‘மரம்’ என்ற ஸ்ட்ரிங்கையும் ‘ம்’-ஐயும் கொடுத்துப் பாருங்கள்.

‘மரம்’ 12 பைட்: 224, 174, 174 (ம), 224, 174, 176 (ர), 224, 174, 174 (ம), 224, 175, 141 (புள்ளி). நீங்கள் சீவச் சொன்ன ‘ம்’-இல் உள்ள பைட்கள் 224, 174, 175, 141. இடப்பக்கமிருந்து வருகிறது: 224 இருக்கிறதா, போ, 174, போ, 174, போ, ‘ர’வின் 224, 174 இரண்டும் போ, 176 பட்டியலில் இல்லை, நில். வலப்பக்கமிருந்து: 141, 175, 224, 174, 174, 224 எல்லாம் போ, அதே 176-ல் நில். மிஞ்சியது ஒற்றை பைட். மரம் கேட்டால் மரத்தூள்கூட மிஞ்சவில்லை. அந்த 176 தனியாக நின்றால் செல்லுபடியான யூடிஎஃப்-8-ஏ அல்ல. காரணம் எளிது: தமிழ்க் குறிகள் எல்லாமே 224-ல்தான் தொடங்கும், இரண்டாவது பைட் 174 அல்லது 175. எந்தத் தமிழ் எழுத்தைச் சீவச் சொன்னாலும் பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்து இடியும்.

ஆகவே சீவுவதும் வெட்டுவதும் தமிழில் உங்கள் பொறுப்பு. வெட்டும் இடத்தில் உள்ள பைட் 128 முதல் 191 வரை எதுவாக இருந்தாலும் அது ஏதோ ஒரு குறியின் நடுப்பகுதி. அப்படி இல்லாத பைட் வரும்வரை பின்னால் நகருங்கள். அதுவும் குறி உடையாமல் காக்குமே தவிர, ‘மி’யிலிருந்து கொக்கி பிரிவதைத் தடுக்காது. அதற்கு யூனிகோடுக்கென்றே உள்ள ஐசியூ மாதிரிப் பெரிய லைப்ரரி வேண்டும். காற்புள்ளியிலோ டேபிலோ பிரிக்கும் ‘எஸ்டிஎஸ்ஸ்ப்ளிட்லென்’ மட்டும் தமிழிலும் பயமில்லாமல் பயன்படுத்தலாம். 128-க்குக் கீழே உள்ள பைட் எதுவும் தமிழ்க் குறிக்குள் வராது.

லைசென்ஸ் சிக்கல் உண்டா?

தனியாக வெளியான எஸ்டிஎஸ் இரண்டு நிபந்தனை பிஎஸ்டி லைசென்ஸில் வருகிறது. பதிப்புரிமை வரியையும் அதன் கீழுள்ள லைசென்ஸ் வாசகத்தையும் நீக்காதீர்கள். பைனரியாகக் கொடுத்தால், அதனுடன் தரும் ஆவணத்தில் அவற்றைச் சேருங்கள். அவ்வளவுதான். விற்கலாம், உங்கள் கோடை மூடியும் வைக்கலாம்.

சறுக்குவது எங்கே என்றால், ரெடிஸின் சோர்ஸில் இதைவிடப் புது எஸ்டிஎஸ் இருக்கிறதே என்று அங்கிருந்து எடுப்பதில். 7.2 வரை ரெடிஸ் பிஎஸ்டியில் இருந்தது. 2024 மார்ச்சில் லைசென்ஸை மாற்றுவதாக அறிவித்து, 7.4-லிருந்து அது நடைமுறைக்கு வந்தது. 2025-ல் வந்த 8-ஆம் பதிப்பில், சோர்ஸைத் திறந்து காட்டச் சொல்லும் ஏஜிபிஎல் லைசென்ஸும் ஒரு தெரிவாகச் சேர்ந்தது. எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் முழு அப்ளிகேஷனின் தலையெழுத்தும் மாறலாம். தனி எஸ்டிஎஸ்ஸிலிருந்து எடுங்கள். ரெடிஸில் சேர்ந்த மேம்பாடுகள்தான் வேண்டும் என்றால், ரெடிஸிலிருந்து பிரிந்து பிஎஸ்டியிலேயே தொடரும் வால்கீ பக்கம் போங்கள். அதன் பிஎஸ்டியில் மூன்று நிபந்தனை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு ஓட்டை ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. உள்ளே வைத்துக்கொள்வதற்கு நாம் தரும் விலையே அதுதான். பேக்கேஜாக இருந்தால் டிஸ்ட்ரோக்காரர்கள் அப்டேட் அனுப்புவார்கள். காப்பியை யார் தேடி வந்து திருத்துவார்கள்? 2002-ல் கம்ப்ரஷன் லைப்ரரியான ஸெட்லிப்பில் ஒரே மெமரியை இரண்டு முறை விடுவிக்கும் பக் அம்பலமானபோது 1.1.4 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் ஸெட்லிப்பைத் தனக்குள் காப்பி வைத்திருந்த புரோகிராம்கள் ஏராளம். ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

எஸ்டிஎஸ்ஸுக்கும் அப்படி ஒன்று வந்திருக்கிறது. 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2021-41099: நீளத்தைக் கூட்டும்போது எண் பொங்கிச் சுற்றி வந்து சின்ன எண்ணாகிவிடும், வாங்கும் இடம் குறைந்துபோகும், ஹீப் கெடும். ரெடிஸில் ஒரு ஸ்ட்ரிங்கின் உச்ச அளவைச் சொல்லும் செட்டிங்கை யாராவது மிகப் பெரிதாக மாற்றி வைத்திருந்தால்தான் அது பலிக்கும். 6.2.6, 6.0.16, 5.0.14 பதிப்புகளில் அடைத்தார்கள். உங்கள் காப்பியைத் திறந்து, இடம் பெரிதாக்கும் ஃபங்ஷனில் ‘ஹெடரோடு சேர்த்து வாங்கப்போகும் மொத்த இடம் தேவையான நீளத்தைவிடப் பெரிதுதானா’ என்று சரிபார்க்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், நெட்வொர்க்கில் இருந்து வரும் நீளத்தை எஸ்டிஎஸ்ஸிடம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு உச்ச வரம்பு வையுங்கள். அந்த வரி இருந்தாலும் வரம்பு வைப்பது நல்லதுதான்.

வருடத்துக்கு ஒருமுறை காலண்டரில் குறித்துவைத்து, மூலத்தில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

சி ஃபைலில் எனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாமா?

லைசென்ஸ் தடுக்காது, நான் தடுப்பேன். மெமரி குறைவான ஒரு சின்னக் கருவிக்காக இரட்டிப்பு விதியை எடுத்துவிட்டு 64 பைட் மட்டும் கூடுதலாக எடுக்கும்படி ஒருமுறை மாற்றினேன். எங்கும் எழுதி வைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து நல்ல பிள்ளையாகப் புதுப் பதிப்பை எடுத்து மேலே போட்டவனும் நான்தான். கருவி இரண்டு நாளுக்கு ஒருமுறை மெமரி தீர்ந்து ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. என்ன மாறியது என்று நினைவுக்கு வரவே ஒரு வாரம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், மூல ஃபைலை மாற்றாமல் முதல் கமிட்டாகப் போடுங்கள், உங்கள் மாற்றத்தை இரண்டாவது கமிட்டாகப் போடுங்கள். அதன் பேட்ச் ஃபைலையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். புதிதாக ஃபங்ஷன் வேண்டுமென்றால் உங்கள் சொந்த ஃபைலில் எழுதுங்கள்.

சி++? விண்டோஸ்?

சி ஃபைலை சி கம்பைலரிலேயே கம்பைல் செய்து, ஹெடரை ‘எக்ஸ்டெர்ன் சி’க்குள் இன்க்ளூட் செய்யுங்கள். பதிப்பைப் பொறுத்து ஹெடரிலும் சின்னத் திருத்தம் தேவைப்படலாம். ஆனால் சி++-ல் ஸ்டாண்டர்டு ஸ்ட்ரிங் இருக்கும்போது இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விண்டோஸில் மின்ஜிடபிள்யூ அல்லது கிளாங் என்றால் போகும். மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு ஹெடரில் உள்ள ‘பேக்டு’ குறிப்பு புரியாது, கொஞ்சம் தச்சு வேலை பார்க்க வேண்டும்.

பல த்ரெட்களில்?

பூட்டு எதுவும் உள்ளே இல்லை. ஆளுக்கொரு ஸ்ட்ரிங் என்றால் பயமில்லை.

பாஸ்வேர்டை இதில் வைக்கலாமா?

வேண்டாம். விடுவிக்கும்போது எஸ்டிஎஸ் மெமரியைத் துடைப்பதில்லை. வளரும்போது இடம் மாறினால் பழைய இடத்திலும் ஒரு நகல் கிடக்கும்.

சேர்த்தாயிற்று. சரியாகப் பயன்படுத்துகிறேனா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் அதனுடன் வரும் டெஸ்ட்களை உங்கள் அலகேட்டரோடு ஓட்டுங்கள். பிறகு உங்கள் அப்ளிகேஷனை அட்ரஸ் சானிட்டைசரோடு கம்பைல் செய்து ஓட்டுங்கள். தப்பான ஃப்ரீ, பழைய பாயிண்டர் இரண்டையும் அது உடனே பிடித்துக் கொடுக்கும்.

ஒன்றை மட்டும் அது பிடிக்காது. மேலே பார்த்த 37 பைட் ஸ்ட்ரிங்குக்கு 74 பைட் இடம் இருந்ததல்லவா? கை தவறி 50-ஆவது பைட்டில் எழுதினாலும் சானிட்டைசருக்கு அது வாங்கிய மெமரிக்குள்தான் இருக்கிறது, வாயே திறக்காது. அந்த உதிரி இடம் வேகத்துக்கு நல்லது, பக்குக்கும் நல்ல ஒளிவிடம். ஆகவே இதற்கு மட்டும் நானே போட்ட விதியை மீறுவேன். டெஸ்ட் பில்டில், ஒரு மெகாபைட் என்று ஹெடரில் இருக்கும் அந்த முன்கூட்டிய ஒதுக்கீட்டு வரம்பைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். அப்போது எஸ்டிஎஸ் கேட்ட அளவுக்கு மேல் ஒரு பைட்கூட வாங்காது. எல்லை தாண்டி எழுதிய அந்த வரியிலேயே சானிட்டைசர் நிறுத்திக் காட்டும். இந்த ஒற்றை வரி மாற்றத்துக்கும் ஒரு பேட்ச் ஃபைல் எழுதி ஃபோல்டரில் வைக்க மறக்காதீர்கள்.